பத்தடி தூரத்து வேலைக்குப் போய்வருகிறேன்

பொத்தான் தைக்கும் ஊசியைக் கீழே வைக்காமலேயே இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவி அவர்களே! முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் முறுவலித்தபடி அமர்ந்திருக்கும் முதியோர்களே! அடுப்பை அணைத்தோமா அணைக்கவில்லையா என்ற ஐயத்தை அடிவயிற்றில் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! மனைவிக்குத் துணையாக வந்து, இப்போது மனைவி எந்த வரிசையில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கும் மாண்புமிகு கணவன்மார்களே! ஒலிபெருக்கியைச் சரிசெய்து சரிசெய்து சலித்துப்போன சகோதரரே! உங்கள் அத்தனை பேருடைய களைத்த கால்களுக்கும், என்னுடைய களைத்த கால்களின் கனிவான வணக்கம்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த மேசையில் சாய்ந்துகொள்கிறேன். காலையிலிருந்து மாலை வரைக்கும் தொலைபேசியில் பேசுவதுதான் என் பிழைப்பு. பேசிப் பேசித் தொண்டை வறண்டு, அந்தக் களைப்போடு எழுந்து வந்தால், "வாங்க, வந்து பேசுங்க" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "இல்லத்தில் இருந்தபடியே இனிமையாய் ஈட்டும் இனிய வழிகள்." ஒரே தலைப்பில் இனிமை இரண்டு முறை வருகிறது. தலைப்பு வைத்தவர் வீட்டிலிருந்து ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சிரிக்கிறீர்கள்; தலைவி அவர்களும் சிரிக்கிறார்கள். ஊசி, ஊசி, பார்த்து அம்மா!

நேர்மையான வழி எது என்று சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். ஆனால் பட்டியல் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். எத்தனை சுவர், எத்தனை மாடி, எத்தனை வாசல்! ஊரெல்லாம் பளபளக்கப் பூசிவிட்டு, எங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டும் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். ஒரு நாள் அவர் நின்ற சாரம் சரிந்தது. இடுப்பு எலும்பு நொறுங்கியது. எழுந்து நின்றவர் படுத்தார், படுத்தவர் நிற்கவில்லை.

அப்போது நான் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் மாமனார் இருக்கிறார். ஆனால் மகனைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்கும் வலு அவர் கையில் இல்லை. காதும் மந்தம். நான் வேலைக்குப் போனால் என் வீட்டுக்காரரைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் அவருக்கு ஊட்டச் சோறில்லை. போவதா, இருப்பதா? இருந்துகொண்டே போக ஒரு வழி உண்டா? இந்தக் கேள்வியோடுதான் நான் வீட்டு வேலை தேடத் தொடங்கினேன்.

தேடியவுடனே கிடைத்தது என்கிறீர்களா? அடடா, கிடைக்காமலா! நான் வேலையைத் தேடியதைவிட வேகமாக ஏமாற்றுக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பேனாவுக்கு மூடி மாட்டும் வேலையாம், முதலில் முன்பணம் கட்ட வேண்டுமாம். இன்னொருவர் என்ன வேலை என்றே சொல்லவில்லை. "அக்கா, நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். நாலு பேரைச் சேத்துவிடுங்க, போதும்" என்றார். "எதுல சேக்கணும் தம்பி?" என்றேன். "அதை அவங்க சேந்தப்புறம் சொல்லுவோம்" என்றார். எவ்வளவு அழகாகக் காதில் பூச்சுற்றுகிறார்கள் பாருங்கள்!

எல்லாவற்றையும்விட இனிக்க இனிக்கப் பேசியவர் ஒருவர் உண்டு. "உங்க வங்கிக் கணக்கை மட்டும் குடுங்க. பணம் வரும். வந்ததை நாங்க சொல்ற இடத்துக்கு அனுப்பிவிடுங்க. உங்க பங்கை எடுத்துக்குங்க" என்றார். படுக்கையில் கிடந்த என் வீட்டுக்காரர், "குடுத்துத்தான் பாரேன், நமக்கென்ன நஷ்டம்?" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறவருக்கு எது தெரிந்தாலும் வெளிச்சமாகத்தான் தெரியும். நான் அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அது யாரோட பணம்ங்க?" பட்டென்று வைத்துவிட்டார். அத்தோடு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவே இல்லை.

தாய்மார்களே, இதை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். உழைப்பை வாங்குகிறவன் காசு கொடுப்பான், காசு கேட்கமாட்டான். வேலை என்னவென்று சொல்லத் தயங்குகிறவன் உங்களுக்கு வேலை தரவில்லை, உங்களைத்தான் வேலைக்குப் பயன்படுத்துகிறான். "இன்றைக்கே, இப்போதே, இந்த நிமிடமே" என்று விரட்டுகிறவனிடம், "என் மாமனாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மாமனார் இல்லாதவர்கள் என் மாமனாரைச் சொல்லிக்கொள்ளுங்கள், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார்.

சரி, எனக்கு வேலை எப்படிக் கிடைத்தது? சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு குக்கர் விசிலால் கிடைத்தது!

எங்கள் வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று உண்டு. நல்ல காலத்தில் வாங்கியது. அது ஒழுக ஆரம்பித்தது. இருக்கிற எரிச்சலையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, புகார் எண்ணுக்கு அழைத்து அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஓர் அலுவலகத்தில் குக்கருக்கு என்ன வேலை? என் கோபம் அப்படியே நின்றுவிட்டது. "ஏம்மா, வீட்லேர்ந்தா பேசற?" என்றேன். அவள் குரல் தாழ்ந்தது. "ஆமாக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சத்தம் வந்தது தெரிஞ்சா என்னை எடுத்துடுவாங்க."

அந்த விசிலைப் பிடித்துக்கொண்டே போனேன். அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து நேரில் போய் நின்றேன். மேசை இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள், பெயர்ப் பலகை இருந்தது. முன்பணம் கேட்கவில்லை. பேசச் சொன்னார்கள், பேசினேன். கோபமாகப் பேசும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வாய் என்றார்கள். நானே அப்படிப்பட்ட வாடிக்கையாளர்தானே, எனக்கா தெரியாது? எடுத்துக்கொண்டார்கள். வேலை பழகிய நாட்களுக்கும் சம்பளம் தந்தார்கள். அன்றைக்குத்தான் இது உண்மையான வேலை என்று எனக்கு உறுதிப்பட்டது.

ஆனால் ஒரு கட்டளை இருந்தது. பின்னணியில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. ஒரு தடவை கேட்டால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை கேட்டால் கடைசி எச்சரிக்கை. மூன்றாம் தடவைக்கு எச்சரிக்கையே கிடையாது, வேலையும் கிடையாது.

எங்கள் வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்துகிற அறை சாமான் அறை ஒன்றுதான். அரிசி டின்னுக்கும் பழைய வர்ண வாளிகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, ஒரு பலகை, காதில் மாட்டும் ஹெட்செட். அதுதான் என் அலுவலகம். என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் கட்டிலுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் உட்காரும் இடத்துக்கும் அவர் தலைமாட்டுக்கும் பத்தடி தூரம்.

வேலை தொடங்கியதும் தெருவே விழித்துக்கொண்டது. என்னவென்று? நான் வீட்டில் இருக்கிறேன் என்று! பார்சல் வந்தால் என்னிடம். சாவியை வைத்துவிட்டுப் போவது என்னிடம். பால் பாக்கெட் என்னிடம், பள்ளி விட்டு வரும் பிள்ளை என்னிடம். ஏன் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம். "நீ வீட்லதானே இருக்கே!"

அதோ, அந்த மூலையில் ஓர் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அதே பட்டமா? இந்தப் பட்டத்தை வாங்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம். கணவன்மார்கள் மட்டும்தான் தூக்குகிறார்கள்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆயுள் முழுக்க ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலராக இருந்தவர். வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேலை, வாசலைத் தாண்டி வெளியே வந்தால் வீடு. இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். பார்சலோடு யார் வந்தாலும், "உள்ளதான் இருக்கா, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். அப்படி ஒருவர் சாமான் அறைக் கதவைத் தட்டினார்; முதல் எச்சரிக்கை வந்தது. மாமனாரின் காதுக்கு எட்டும் அளவுக்குத் தொலைக்காட்சி அலறியது. கடைசி எச்சரிக்கையும் வந்தது.

அன்றைக்கு அவரிடம் பொங்கிவிட்டேன். "மாமா, நானும் வேலைதான் பாக்கறேன். உங்களுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?" அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "வேலைன்னா போகணும்மா. நீ எங்கம்மா போற?"

தமிழறிந்த பெரியோர்களே, இந்தக் கேள்விக்கு என்ன விடை? நம் மொழியில் வேலையைப் பார்க்கலாம், செய்யலாம். ஆனால் நாலு பேர் கேட்கும்போது, வேலைக்குப் "போகிறாயா" என்றுதானே கேட்கிறார்கள்? போகாதவளுக்கு ஏது வேலை? வாசல் தாண்டாதவளுக்கு ஏது மரியாதை?

மறுநாள் காலையில் குளித்தேன். தலை வாரினேன். நல்ல உடையாக எடுத்து உடுத்தினேன். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தேன். பையைத் தோளில் மாட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "மாமா, வேலைக்குப் போய்ட்டு வரேன்." அவர் வாயைப் பிளந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன். வீட்டை ஒட்டிய சந்தில் திரும்பி, சாக்கடையைத் தாண்டி, துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, பின்கதவு வழியாக நுழைந்து, சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் சிரித்தார். கீழே விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முதல் அழைப்பை எடுத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். பார்சலோடு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். என் மாமனார் வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அவ வீட்ல இல்லம்மா. வேலைக்குப் போயிருக்கா. சாயங்காலம் வா." நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் நான் வாசலைத் தாண்டியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அவருக்கு அது போதும். அன்று முதல் தொலைக்காட்சி வாய் திறக்கவில்லை. நான் செருப்பு மாட்டுவதற்கு முன்பே பின்கதவின் தாழை எடுத்துவைத்துவிடுவார். மாலையில் சந்து சுற்றி வாசல் வழியாக நான் வீடு திரும்பினால், "வந்துட்டியாம்மா, ரொம்ப வேலையா?" என்று கேட்பார். இதைவிட வேறென்ன விருது வேண்டும் எனக்கு?

குழந்தை அழுகிறதா அம்மா? எழுந்து போகாதீர்கள், உட்காருங்கள். அழட்டும். இந்த மேடைக்கு எச்சரிக்கை கொடுக்கிற அதிகாரம் யாருக்கும் கிடையாது.

இந்த இடத்தோடு நான் பேச்சை முடித்திருந்தால் தலைப்பு வைத்தவர் மகிழ்ந்திருப்பார். இனிமை இரண்டு முறையும் வந்துவிட்டது. ஆனால் ஒரு மாலை வந்தது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன்.

அன்றைக்கும் சந்து சுற்றி வந்தேன், செருப்பைக் கழற்றினேன், "வந்துட்டேன் மாமா" என்றேன். அறைக்குள் போனேன். கட்டில் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் தரையில் கிடந்தார். தண்ணீரை எட்டி எடுக்கப் போய் விழுந்திருக்கிறார். மதியம் நான் அவருக்கு ஊட்டிவிட்டுப் போனதிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். வாசலில் இருந்த அவருடைய அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஹெட்செட் மாட்டிய எனக்கும் கேட்கவில்லை. ஆனால் நான் பேசியது எல்லாம் சுவர் வழியாக அவருக்குக் கேட்டிருக்கிறது. யாரோ ஓர் அம்மாவிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேனாம்: "கவலைப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம். உடனே ஆள் அனுப்பறோம்."

"ஏன் ஒரு குரல் குடுக்கலை?" என்று கத்தினேன். அவர் சொன்னார்: "நீ வேலைக்குப் போயிருந்தியே."

தாய்மார்களே! யாருக்காக வீட்டிலிருக்கும் வேலையைத் தேடினேன்? இவருக்காக. யாரைப் பார்த்துக்கொள்ளக் கடையை விட்டேன்? இவரை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் வீட்டுத் தண்ணீருக்கெல்லாம் ஆறுதல் சொன்னேன். என் வீட்டில் தண்ணீர் கேட்டவர் தரையில் கிடந்தார். சத்தம் வந்தால் என் வேலை போய்விடும் என்று வலியை விழுங்கிக்கொண்டு கிடந்தார். நான் வேலைக்குப் போனது விளையாட்டு. அவர் அதை மெய்யாக்கிவிட்டார். அன்றைக்கு அவரைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் அவர் தலைமாட்டில் வைத்தேன். "வேணும்னா தட்டுங்க. எவ்வளவு சத்தம் வேணாலும் வரட்டும்." அவர் தொடவே இல்லை. "என்னால உன் வேலை போகக் கூடாது" என்று பிடிவாதம் பிடித்தார். "போனா போகட்டும். நீங்க தட்டலைன்னா நானே வேலையை விட்டுடுவேன்" என்றேன். அப்புறம்தான் ஒரு நாள் தட்டினார்.

நல்ல நேரம் பார்த்தார்! ஓர் அம்மா இயந்திரத்தைப் பற்றிக் கடுங்கோபத்தில் பொரிந்துகொண்டிருந்தார்கள். நடுவே ஹெட்செட்டையும் துளைத்துக்கொண்டு வந்தது சத்தம். டிங், டிங், டிங்! மூன்றாம் தடவை. வேலை போயிற்று என்று நினைத்தேன். மறைக்கவில்லை. "அம்மா, என் வீட்டுக்காரர் படுக்கையில இருக்கார். கூப்பிடறார். ரெண்டு நிமிஷம் இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கோபக்கார அம்மா திட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு சொன்னார்கள்: "போய்ட்டு வாம்மா. நான் இருக்கேன்."

போய், திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். இருந்தார்கள். "அவருக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினார்கள். அத்தனை திட்டும் எனக்குத் தேனாக இருந்தது.

அன்று மாலை என் மேற்பார்வையாளர் அழைத்தார். அவரும் ஒரு பெண்தான். "அக்கா, இன்னிக்கு நீங்க பேசின பதிவைக் கேட்டேன்" என்றார். "கேட்டீங்கன்னா எழுதிக்குங்க. நான் அடுத்த தடவையும் போவேன்" என்றேன். அப்போது, அவருக்குப் பின்னால் யாரோ ஒரு வயதானவர் இருமும் சத்தம் கேட்டது. "நானும் வீட்லேர்ந்துதான் பேசறேன் அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் அந்தச் சத்தத்தைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவில்லை. அதனால்தான் இன்றைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

கை தட்டாதீர்கள். இங்கேதான் எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒருவர் இரக்கப்பட்டு எழுதாமல் விட்டதால் ஓடுகிறது என் குடும்பம். நாளைக்கு வேறொருவர் எழுதினால்? இரக்கத்திலா தொங்க வேண்டும் நம் பிழைப்பு? நேர்மையான வேலையைத் தேடுவது எப்படி என்று கேட்டீர்கள். நேர்மை நம்மிடம் இருக்கிறது. உழைப்பு நம்மிடம் இருக்கிறது. வேலை கொடுப்பவரிடமும் அந்த நேர்மை இருக்க வேண்டாமா? வீட்டிலிருந்து உழை என்று சொல்லிவிட்டு, வீடே இருக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? குக்கர் கூவும். குழந்தை அழும். முதியவர் இருமுவார். படுத்திருப்பவர் தண்ணீர் கேட்பார். அவர்களுக்காகத்தானே நாம் வீட்டில் உட்கார்ந்தோம்! அவர்கள் கூப்பிட்டால் எழுந்து போக இரண்டு நிமிடம் வேண்டும். அது சலுகையாக அல்ல, நாம் கையெழுத்துப் போடும் தாளிலேயே உரிமையாக எழுதப்பட வேண்டும். குக்கர் சத்தத்துக்குப் பயந்து தனித்தனியாக மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் நாம், இந்த ஒன்றை மட்டும் சேர்ந்து சத்தமாகக் கேட்போம். இந்தச் சங்கம் அதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று தலைவி அவர்களை வேண்டுகிறேன். ஆம், ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள்! இதைவிட வேறென்ன ஒப்புதல் வேண்டும்?

இன்னும் ஒன்றே ஒன்று. இங்கே வருவதற்காக இன்று மாலை செருப்பைப் போட்டேன். "போய்ட்டு வரேன் மாமா" என்றேன். அவர் அவசரமாக எழுந்து, "இரும்மா, பின்கதவுத் தாழை எடுக்கல" என்று ஓடினார். "இல்ல மாமா, இன்னிக்கு நெசமாவே வெளியில போறேன்" என்றேன். படியிறங்கப் போனபோது உள்ளிருந்து டம்ளர் சத்தம். டிங், டிங், டிங்! பதறிக்கொண்டு செருப்புக்காலோடு உள்ளே ஓடினேன். "என்னங்க, என்ன வேணும்?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்ணும் வேணாம். போய்ட்டு வான்னு சொல்லத்தான் தட்டினேன்" என்றார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சாய்ந்துகொள்ள இடம் கொடுத்த இந்த மேசைக்கும் என் நன்றி. அந்த டம்ளர் சத்தம் என் காதில் விழும் தூரத்துக்கு நான் திரும்ப வேண்டும். போய்வருகிறேன், வணக்கம்.